வலி எதுவரை இறங்குகிறது?

"வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?" இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவரிடம் இப்போதெல்லாம் முதலில் கேட்கப்படும் கேள்வி இதுதான். பல்வலிக்கோ ஆபரேஷனுக்கு மறுநாள் தையல் வலிக்கோ இந்தக் கேள்வி போதும். இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலியான சயாட்டிகாவில் அது நோயாளியையும் டாக்டரையும் சேர்த்தே ஏமாற்றிவிடும்.

இரண்டு பேரை வைத்துப் பாருங்கள். ஒருவருக்குப் போன வாரம் புட்டத்தில் தொடங்கிக் கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் வரை சுரீர் என்று இழுத்தது. மார்க் கேட்டால் ஏழு. இந்த வாரம் காலில் ஒன்றும் இல்லை, வலி முழுக்க இடுப்பில் வந்து உட்கார்ந்துகொண்டது. மார்க் எட்டு. "ஏழு எட்டாயிடுச்சே" என்று பயந்து, செய்துவந்த பயிற்சியை நிறுத்திவிட்டு ஸ்கேன் எடுக்க ஓடுகிறார். இன்னொருவருக்குப் போன வாரம் ஒன்பது, ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. இந்த வாரம் மூன்றுதான். "ஊசி நல்லா கேட்டுச்சு" என்று நிம்மதியாக இருக்கிறார். ஆனால் நடக்கும்போது வலது கால் செருப்பு எப்போது கழன்றது என்றே தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் நாலடி பின்னால் கிடக்கிறது. இதில் முதல் ஆள் குணமாகிக்கொண்டிருக்கிறார். இரண்டாம் ஆளை அன்றைக்கே டாக்டர் பார்த்தாக வேண்டும், ஏனென்றால் அவருக்கு வலி குறைந்தது நரம்பு தேறியதால் இல்லாமல், அது மரத்துக்கொண்டு வருவதால் இருக்கலாம். மார்க் ஷீட் இரண்டு பேருக்கும் தலைகீழாக ரிசல்ட் போட்டிருக்கிறது.

கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. வலி எதுவரை இறங்குகிறது? பாதத்தில் பலம் நேற்றைப் போலவே இருக்கிறதா? இந்த இரண்டுக்கும் தினமும் பதில் வைத்திருக்கும் நோயாளிக்கு வைத்தியம் பாதி சுலபம்.

சயாட்டிக் நரம்பு உடம்பிலேயே தடித்தது. புட்டத்தில் ஒரு விரல் பருமன் இருக்கும். கீழ் முதுகின் எல் 4, எல் 5, அதற்கும் கீழே எஸ் 1, எஸ் 2, எஸ் 3 என்று ஐந்து நரம்பு வேர்கள் சேர்ந்து திரித்த கயிறு அது. புட்டத்தில் பிரிஃபார்மிஸ் தசைக்கு அடியில் வெளியே வந்து, தொடையின் பின்புறமாக இறங்கி, முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிந்து பாதம் வரை போகிறது. வலிப்பது கால், கோளாறு பெரும்பாலும் முதுகெலும்பை விட்டு வேர் வெளியே வரும் இடத்தில். தொடையில் எத்தனை தைலம் தேய்த்தாலும் அது வேருக்குப் போய்ச் சேராது. தேய்க்கிற கையின் சூடு இதமாக இருக்கும், அவ்வளவுதான்.

இந்த முடிச்சை அவிழ்க்க வைத்தியர்களுக்கே ரொம்ப நாள் பிடித்தது. ஆயுர்வேதம் காலை இழுத்து வைக்கும் நடையைப் பார்த்து, கழுகைக் குறிக்கும் சொல்லிலிருந்து, கிருத்ரசி என்று பெயர் வைத்தது. இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்து டொமினிகோ கொட்டுனோ 1764-ல் இது இடுப்பு மூட்டு வலி அல்ல, நரம்பு வலி என்று பிரித்துச் சொன்னார். அந்த நரம்பை உறுத்துவது பெரும்பாலும் டிஸ்க்தான் (முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள ஜவ்வு) என்று பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு டாக்டர்கள் எழுதியது 1934-ல். நடுவில் 170 வருஷம்.

கொழுக்கட்டை வெடித்தால்

"ஜவ்வு விலகிடுச்சு" என்று சொல்கிறோம். எதுவும் விலகுவதில்லை. முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க், மேலும் கீழும் எலும்போடு இறுக ஒட்டியது. கேரம் போர்டு காய் மாதிரி நழுவ அதற்கு வழியே கிடையாது. அதை ஒரு கொழுக்கட்டையாக நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே அடுக்கடுக்கான நார் வளையம் மேல்மாவு; உள்ளே கூழ் போன்ற பூரணம். வருஷக்கணக்கில் குனிந்து நிமிர்ந்து மேல்மாவில் கீறல் விழுகிறது. ஒரு நாள் தும்மும்போதோ பக்கெட்டைத் தூக்கும்போதோ அந்தக் கீறல் வழியாகப் பூரணம் பின்பக்கம் பிதுங்குகிறது. அந்தத் தும்மல் கடைசிச் சொட்டுதான். கீறலுக்கு வயது அதிகம்.

பிதுங்கியது நரம்பு வேரை அழுத்துவதால் மட்டும் வலிப்பதில்லை. நல்ல நிலையில் இருக்கும் நரம்பை அழுத்தினால் மரத்துத்தான் போகும். கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு இது தெரியும். வெளியே வந்த கூழில் இருக்கும் ரசாயனங்கள் வேரைப் புண்ணாக்குகின்றன. புண்ணான வேரைத் தொட்டால்தான் அந்த மின்சார வலி. அழற்சி அடங்கினால், பிதுக்கம் அப்படியே இருக்கும்போதும் வலி போய்விடுவது இதனால்தான்.

இன்னொரு விஷயம் கேட்பவர்களை ஆச்சரியப்படுத்தும். வெளியே வந்த பூரணத்தை உடம்பு அந்நியப் பொருளாக நினைத்து, தின்று செரிக்கும் அணுக்களை அனுப்பிக் கரைத்துவிடுகிறது. பழைய ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் வெளிவந்த கணக்கில், முழுதாகத் துண்டாகி விழுந்தவற்றில் 96 சதவீதமும், உறையைக் கிழித்து வெளியே நீண்டவற்றில் 70 சதவீதமும் ஆபரேஷன் இல்லாமலே சுருங்கின. சும்மா உப்பி நின்றவற்றில் 13 சதவீதம்தான். ரிப்போர்ட்டில் படிக்கவே பயமாக இருக்கும் 'சீக்வெஸ்ட்ரேஷன்' (துண்டாகி விழுவது) என்ற வார்த்தைக்குத்தான் கரைந்துபோகும் வாய்ப்பு அதிகம். ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கும்போது இதையும் ஒரு வரி சொல்லி அனுப்பினால் எத்தனையோ பேர் அன்று ராத்திரி தூங்குவார்கள்.

டிஸ்கின் மேல் ஏறும் பாரம் எவ்வளவு? ஜெர்மனியில் ஊல்ம் நகரத்தில் வில்கேயின் குழு ஒருவருடைய எல் 4–5 டிஸ்குக்குள் (எல் 4, எல் 5 எலும்புகளுக்கு நடுவில் இருப்பது) அழுத்தமானியையே வைத்து 1999-ல் அளந்து வெளியிட்டது. ஒரே ஆள்தான் என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் எண்கள் கண்ணைத் திறப்பவை. மல்லாந்து படுத்தால் 0.1 மெகாபாஸ்கல். நின்றால் 0.5. 20 கிலோவை முதுகை வளைத்துத் தூக்கினால் 2.3. முழங்காலை மடக்கித் தூக்கினால் 1.7. அதே 20 கிலோவை உடம்போடு அணைத்துப் பிடித்தால் 1.1. இருபது கிலோ என்றால் வேறொன்றும் இல்லை, வாசலில் போட்டுவிட்டுப் போகிற இருபது லிட்டர் தண்ணீர் கேன். அதைக் கழுத்தைப் பிடித்துக் குனிந்து தூக்குவதற்கும், வயிற்றோடு அணைத்துப் பிடிப்பதற்கும் டிஸ்கில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். அணைத்துப் பிடித்த கேனைச் சுமந்தபடி இடுப்பைத் திருகி டிஸ்பென்சரில் கவிழ்ப்பதுதான் அடுத்த தப்பு. திரும்புவது பாதத்திலிருந்து இருக்க வேண்டும்.

அதே ஆளுக்கு ராத்திரி ஏழு மணி நேரத் தூக்கத்தில் 0.1 ஆக இருந்த அழுத்தம் 0.24 ஆக ஏறியிருந்தது. படுத்திருக்கும்போது டிஸ்க் தண்ணீரை உறிஞ்சி உப்புகிறது. காலையில் எழுந்ததும் அது ஊறிய கொண்டைக்கடலை மாதிரி விம்மி நிற்கும் நேரத்தில்தான் நம் வீடுகளில் குனிகிற வேலை எல்லாம் நடக்கும்: வாசல் பெருக்குவது, கோலம், வாஷ்பேசினில் குனிந்து பல் தேய்ப்பது. எழுந்து முதல் இரண்டு மணி நேரம் இடுப்பை வளைக்காமல் இருப்பது என்ற ஒரே ஒரு விதி பல மாத்திரைகளை விட மேல். பெருக்கித்தான் ஆக வேண்டும் என்றால் தென்னந்துடைப்பத்தில் நீளக் கழியைக் கட்டுங்கள்.

காலைக் கேட்டால் சொல்லும்

கீழ் முதுகில் ஏற்படும் பிதுக்கங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இரண்டே இடங்களில்தான்: எல் 4–5, எல் 5–எஸ் 1. மேலே இருப்பது வழக்கமாக எல் 5 வேரையும், கீழே இருப்பது எஸ் 1 வேரையும் தொடும். எது என்று காலே சொல்லிவிடும். வலியும் மரமரப்பும் காலின் வெளிப்பக்கமாக இறங்கிப் பாதத்தின் மேற்புறம் கட்டைவிரலுக்கு வந்தால் எல் 5. கெண்டைக்காலின் பின்புறமாக இறங்கி, பாதத்தின் வெளிவிளிம்பில் சுண்டுவிரலுக்கு வந்தால் எஸ் 1. முழங்காலுக்கு மேலேயே நின்றுவிடும் மந்தமான வலி பல நேரம் சயாட்டிகாவே இல்லை. இடுப்புத் தசையும் மூட்டும் கூட அவ்வளவு தூரம் வலியை அனுப்பும்.

பலத்தை வீட்டிலேயே பார்க்கலாம், இரண்டு நிமிஷம் போதும். முதலில் குதிகாலில் மட்டும் நின்று, முன்பாதம் தரையில் படாமல் பத்தடி நடக்க வேண்டும். ஒரு பக்கம் முன்பாதம் தொங்கித் தரையைத் தட்டினால் எல் 5 பலவீனம். அடுத்து, சுவரில் இரண்டு விரல் ஊன்றி ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும், பத்து முறை. நல்ல காலில் பத்து வந்து, நோயுள்ள காலில் மூன்றோடு நின்றால் எஸ் 1. வலியால் முடியாமல் போவதும் பலமின்றி முடியாமல் போவதும் வேறு வேறு. வலித்தாலும் ஒரு முறையாவது உயரே வருகிறதா என்று பாருங்கள். கடைசியாக, உட்கார்ந்து இரண்டு கட்டைவிரல்களையும் மேலே தூக்கச் சொல்லி, இன்னொருவர் தன் விரலால் கீழே அமுக்கிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் சுலபமாக அமுங்கினால் அது முக்கியமான செய்தி. செருப்பு கழன்று போவதும் இந்தப் பலவீனத்தின் வேலையாக இருக்கலாம். ஷூ போடுகிறவர்களுக்கு இந்த அறிகுறி தெரியாமலே போய்விடும்.

படுத்த நிலையில் முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கும் சோதனையை டாக்டர் செய்வார். 30 முதல் 70 டிகிரிக்குள் வலி முழங்காலுக்குக் கீழே பாய்ந்தால்தான் அது பாசிட்டிவ். தொடையின் பின்புறம் இறுக்கிப் பிடிப்பது எல்லோருக்கும் வருவது. நல்ல காலைத் தூக்கும்போது நோயுள்ள காலில் வலித்தால் டிஸ்க்தான் என்பதற்கு வலுவான சாட்சி. பாரிஸ் டாக்டர் லசேக் பெயரில் வழங்கும் இந்தச் சோதனையை 1881-ல் எழுதி வைத்தது அவருடைய மாணவர் ஃபோர்ஸ்ட். பெயர் என்னவோ குருவுக்கே போய்விட்டது.

இவ்வளவையும் பார்க்கப் பத்து நிமிஷம் ஆகாது. இது நடக்காமலே ஸ்கேன் சீட்டு கைக்கு வருவதுதான் உறுத்துகிறது. 1994-ல் அமெரிக்காவில், முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேல், 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு டிஸ்க் உப்பியிருந்தது; 27 சதவீதம் பேருக்குப் பிதுங்கியே இருந்தது. நடுவயதில் நரை மாதிரிதான் இது. உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள பிதுக்கம் வலக்கால் பக்கம் எஸ் 1-ஐத் தொட்டு, உங்கள் வலியும் வலது சுண்டுவிரலுக்குத்தான் போகிறது என்றால் அந்தப் படத்துக்கு அர்த்தம் உண்டு. வலி இடது காலில், படம் வலப்பக்கம் என்றால் அந்தப் படத்தை மடித்து வைக்கலாம். சயாட்டிகா வந்து ஒரு வருஷம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்த டச்சு ஆய்வில் (2013), நன்றாகத் தேறியவர்களில் 35 சதவீதம் பேருக்கும் தேறாதவர்களில் 33 சதவீதம் பேருக்கும் பிதுக்கம் தெரிந்தது. "சரியாயிடுச்சான்னு இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாமா" என்பதற்கு இதுவே பதில். எக்ஸ்-ரேயிலோ டிஸ்க் தெரியவே தெரியாது. எலும்பு இடைவெளி குறைந்திருப்பதை வைத்து ஊகிக்கலாம், அவ்வளவே. பலவீனம் ஏறிக்கொண்டே போனால், ஊசியோ ஆபரேஷனோ யோசிக்கும் கட்டம் வந்தால், கீழே சொல்லப்போகும் ஆபத்துக் குறிகள் இருந்தால் எம்.ஆர்.ஐ. அவசியம்.

வலி ஏறும் நாள்

நியூசிலாந்தின் வெல்லிங்டனில் ராபின் மெக்கன்சி என்ற பிசியோதெரபிஸ்ட்டிடம் 1956-ல் ஒருவர் வந்துகொண்டிருந்தார். காலுக்கு இறங்கும் வலி. சில வாரச் சிகிச்சையில் ஒரு முன்னேற்றமும் இல்லை. அன்றைக்கு அவரை "உள்ளே போய்க் குப்புறப் படுங்க, வர்றேன்" என்று அனுப்பினார் மெக்கன்சி. முந்தைய நோயாளிக்காக மேசையின் ஒரு முனை உயர்த்தி வைக்கப்பட்டிருந்தது. இவர் அது தெரியாமல் அதன் மேலேயே குப்புறப் படுத்துவிட்டார். இடுப்பு நன்றாகப் பின்னால் வளைந்து, அன்றைய வைத்தியத்தின்படி செய்யவே கூடாத நிலை. சில நிமிஷம் கழித்து வந்து பார்த்தவர் பதறிப்போய் எப்படி இருக்கிறது என்று கேட்க, கால் வலி போய்விட்டது, இப்போது வலி முதுகு நடுவில்தான் இருக்கிறது என்றார் அந்த மனிதர்.

அந்தத் தற்செயலில் பிறந்ததுதான் சயாட்டிகாவைப் படிக்கும் முறை. வலி பாதத்திலிருந்து கெண்டைக்கால், கெண்டைக்காலிலிருந்து தொடை, தொடையிலிருந்து புட்டம் என்று மேலேறி இடுப்பில் சுருங்குவது நல்ல சகுனம். சுருங்கும்போது இடுப்பில் வலி கூடத் தெரியலாம், அது பரவாயில்லை. எதைச் செய்யும்போது வலி கீழே நீள்கிறதோ, அதை அன்றைக்கு விட்டுவிட வேண்டும், இடுப்புக்கு எவ்வளவு சுகமாக இருந்தாலும் சரி. தினசரி காலண்டர் தாளிலேயே காலையும் மாலையும் 'புட்டம்', 'தொடை', 'கெண்டை', 'பாதம்' என்று ஒரு வார்த்தை எழுதி வைத்தால், இரண்டு வாரத்தில் எந்த மார்க்கும் சொல்லாததை அது சொல்லும்.

செய்முறை இது. தரையில் பாய் விரித்துக் குப்புறப் படுங்கள், கைகள் பக்கவாட்டில், ஐந்து நிமிஷம். மெத்தை வேண்டாம், இடுப்பு உள்ளே அமிழும். கால் வலி இறங்காவிட்டால் முழங்கைகளை ஊன்றி மார்பைத் தூக்கி இரண்டு மூன்று நிமிஷம். அதுவும் ஒத்துக்கொண்டால் உள்ளங்கைகளைத் தோளுக்கு நேரே ஊன்றி, கையால் மட்டும் மேலுடம்பைத் தள்ளி உயர்த்தி இறக்குங்கள், பத்து முறை. இடுப்பும் புட்டமும் உயிரில்லாதது போலத் தொங்க வேண்டும். புஜங்காசனம்தானே என்று தோன்றும். புஜங்காசனத்தில் முதுகுத் தசை இழுக்கும். இதில் முதுகு சும்மா இருக்கும், கைதான் கூலியாள். வித்தியாசம் அங்கேதான், வலி கூடுவதும் பெரும்பாலும் அங்கேதான். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. முடித்ததும் உடனே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் செய்தது வீண்.

இது எல்லோருக்கும் இல்லை. அறுபது வயதுக்கு மேல், நூறடி நடந்தால் இரண்டு காலும் கனத்து, உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ தேறுகிறது, தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்து நடந்தால் எவ்வளவு தூரமும் போக முடிகிறது என்றால் அது தண்டுவடக் குழாய் சுருங்கிய கோளாறு. அவர்களுக்குப் பின்னால் வளைவது எதிரி. மல்லாந்து முழங்காலை மார்புக்குக் கொண்டுவருவதுதான் இதம். யூடியூபில் 'சயாட்டிகாவுக்கு ஐந்து பயிற்சி' என்று வரும் வீடியோக்களில் இரண்டும் கலந்தே கிடக்கும். ஐந்தையும் செய்கிறவருக்கு ஒன்று குணமாக்க, இன்னொன்று கெடுக்க, கணக்கு சரியாகிவிடுகிறது.

அடிக்கடி பார்க்கும் தப்பு, 'நரம்பு இழுத்திருக்கு, இழுத்து விடணும்' என்று காலை நீட்டிக் கட்டைவிரலைப் பிடித்து நிமிஷக்கணக்கில் இழுப்பது. புண்பட்ட நரம்பு ரப்பர் இல்லை. இழுத்துப் பிடித்தால் அதன் ரத்த ஓட்டம்தான் குறையும். நரம்பை அசைத்துக் கொடுக்கலாம்: நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்காலை நீட்டும்போது தலையை அண்ணாந்து, மடக்கும்போது தலையைக் குனிந்து, பத்து முறை, எங்கேயும் நிறுத்திப் பிடிக்காமல். வலி முட்டுவதற்கு முன்பே திரும்பிவிட வேண்டும்.

படுக்கையா, நடையா என்ற பழைய சண்டை 1999-லேயே தீர்ந்தது. நெதர்லாந்தில் சயாட்டிகா உள்ள 183 பேரில் பாதிப் பேரை இரண்டு வாரம் படுக்கவைத்தார்கள், மீதிப் பேரை இயன்றபடி நடமாடச் சொன்னார்கள். 12 வாரத்தில் இரண்டு பக்கமும் 87 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். தாங்க முடியாத முதல் ஒன்றிரண்டு நாள் படுக்கலாம். மல்லாந்து, கெண்டைக்கால்களை ஒரு நாற்காலி மேல் போட்டு, இடுப்பும் முழங்காலும் செங்கோணமாக மடங்கியிருக்கும்படி படுப்பதில் பலருக்கு வலி அடங்கும். ஒருக்களித்தால் முழங்கால்களுக்கு நடுவே தலையணை. எழும்போது நேராக நிமிராமல், பக்கவாட்டில் உருண்டு, கால்களைக் கட்டிலுக்குக் கீழே விட்டு, கையால் தள்ளி எழ வேண்டும். மணிக்கு ஒரு தரம் ஐந்து நிமிஷம் வீட்டுக்குள் நடை. உட்காருவது ஒரு தடவைக்கு இருபது, முப்பது நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். இடுப்புக்குப் பின்னால் சுருட்டிய துண்டு. சில வாரத்துக்கு வெஸ்டர்ன் டாய்லெட், அல்லது நடுவில் ஓட்டையுள்ள நாற்காலி. முக்கினால் வலி பாயும் என்பதால் மலச்சிக்கலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தும்மல் வந்தால் சுவரில் கை ஊன்றி நிமிர்ந்து தும்முங்கள். பைக்கை ஒரு மாதம் மறந்துவிடுங்கள். ஸ்பீட் பிரேக்கர் ஒவ்வொன்றும் நேராக டிஸ்கில்தான் ஏறி இறங்குகிறது. பின் பாக்கெட் பர்ஸை எப்படியும் எடுத்துவிடுங்கள்.

மாத்திரை, ஊசி, கத்தி

வலி மாத்திரைகள் சயாட்டிகாவில் சுமாராகத்தான் வேலை செய்யும். நடக்கவும் தூங்கவும் வழி செய்தால் அதுவே போதும். சர்க்கரை, பிரஷர், கிட்னிக் கோளாறு, அல்சர் உள்ளவர்கள் மெடிக்கலில் "கால் வலிக்கு" என்று கேட்டு வாங்கக் கூடாது. கலவை மாத்திரைகளில் இரண்டு மூன்று மருந்து ஒளிந்திருக்கும். நம் ஊர்ச் சீட்டுகளில் தவறாமல் இருப்பது பிரிகாபலின் என்ற நரம்பு வலி மருந்தும் மெத்தில்கோபாலமின் என்ற பி 12 வைட்டமினும். 2017-ல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில் சயாட்டிகா உள்ள 209 பேரில் பாதிப் பேருக்குப் பிரிகாபலினும், மீதிப் பேருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். வலியில் வித்தியாசமில்லை, தலைசுற்றல்தான் அதிகம். பிரிட்டனில் நைஸ் என்ற அரசு மருத்துவ அமைப்பின் வழிகாட்டி இந்த வகை மருந்துகளையும் வாய்வழி ஸ்டீராய்டையும் சயாட்டிகாவுக்குக் கொடுக்க வேண்டாம் என்கிறது. ஏற்கனவே சாப்பிடுகிறவர்கள் திடீரென்று நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். பி 12 குறைவு இருந்தால் பி 12 போடலாம். டிஸ்குக்கு அது மருந்தில்லை.

புட்டத்தில் போடும் வலி ஊசியில் ஒரு எச்சரிக்கை. புட்டத்தின் மேல்-வெளிக் கால்பகுதியை விட்டு நடுவிலோ கீழேயோ குத்தினால் ஊசி சயாட்டிக் நரம்பிலேயே இறங்கலாம். போட்ட கணமே பாதம் வரை மின்னல் பாய்ந்து, பாதம் தொங்கிவிடுவது அப்படித்தான். மரத்த காலில் வெந்நீர் ஒத்தடம், ஹீட்டிங் பேட் வைக்கவும் கூடாது. சூடு தெரியாமல் கொப்பளித்துவிடும், சர்க்கரை உள்ளவர்களுக்கு ஆறாத புண்ணாகும். முதுகில் ஏறி மிதிப்பது, 'நரம்பு எடுத்து விடுவது' பற்றி எழுத வேண்டியதே இல்லை. பெல்ட்டைப் பயணத்துக்கு மட்டும் கட்டிக்கொள்ளலாம்.

சி-ஆர்ம் எக்ஸ்-ரே பார்த்து வேருக்குப் பக்கத்தில் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைக் கொஞ்சம் தணிக்கும். பயிற்சிக்கும் உறக்கத்துக்கும் அவகாசம் வாங்கித் தருவதுதான் அதன் வேலை. சர்க்கரை உள்ளவர்களுக்குப் போட்ட சில நாள் சர்க்கரை ஏறும். முன்கூட்டியே சொல்லித் திட்டமிட வேண்டும்.

ஆபரேஷன் பற்றி இரண்டு தரப்பிலும் மிகைதான். 2007-ல் வந்த டச்சு ஆய்வில், 6 முதல் 12 வாரமாகக் கடும் சயாட்டிகாவில் இருந்த 283 பேரை உடனே ஆபரேஷன், பொறுத்துப் பார்ப்பது என்று பிரித்தார்கள். உடனே செய்தவர்கள் சராசரியாக 4 வாரத்தில் தேறினார்கள், பொறுத்தவர்கள் 12 வாரத்தில். ஒரு வருஷம் கழித்து இரண்டு பக்கமும் 95 சதவீதம். பொறுத்தவர்களில் 39 சதவீதம் பேர் இடையில் ஆபரேஷனுக்கு மாறினார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆக, பாதத்தில் பலம் குறையாதவருக்கு ஆபரேஷன் நேரத்தை மிச்சம் பிடிக்கிறது. கூலிக்குப் போகிற ஒருவருக்கு அந்த எட்டு வாரம் பெரிய விஷயம், ஓய்வுபெற்றவருக்கு அப்படியில்லை. அதை முடிவு செய்ய வேண்டியவர் நோயாளி. ஒன்று மட்டும் டேபிளில் ஏறும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்: பிதுங்கிய டிஸ்க் துண்டை எடுக்கும் மைக்ரோ டிசெக்டமி, கால் வலிக்கான ஆபரேஷன். இடுப்பு வலி போகும் என்று நம்பிச் செய்துகொள்கிறவர்கள்தான் பிறகு "ஆபரேஷன் பண்ணியும் போகல" என்கிறார்கள்.

பொறுக்கவே கூடாத கட்டமும் உண்டு. சிறுநீர் முட்டியும் வரவில்லை, அல்லது போவது தெரியவில்லை. மலம் கழித்துக் கழுவும்போது கை பட்டது தெரியவில்லை. தொடை இடுக்கும் பிறப்புறுப்பும் மரத்திருக்கிறது. இரண்டு காலிலும் வலி பரவுகிறது. வெட்கப்பட்டு ஒரு ராத்திரி தள்ளிப்போட்டால் ஆயுளுக்கும் சிறுநீர் போக டியூப் போட்டுக்கொண்டு இருக்க நேரிடும். இரவு எத்தனை மணியானாலும் முதுகுத்தண்டு ஆபரேஷன் செய்யும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்; 48 மணி நேரத்துக்குள் அழுத்தத்தை எடுத்தால் பலன் கூடுதல், அதிலும் முந்தினால் இன்னும் நல்லது. நாளுக்கு நாள் தொங்கும் பாதமும் இதே அவசர வரிசையில்தான்.

மாலைக் காய்ச்சல், எடை குறைவு, படுத்தாலும் விடாத ராத்திரி வலி இருந்தால் முதுகெலும்பு டி.பி.யை நினைக்க வேண்டும். நம் நாட்டில் அது அபூர்வமில்லை. முன்பு புற்றுநோய் இருந்தவருக்கு வரும் புது முதுகு வலியும் அப்படியே. காலில் பட்டையாக எரிந்து, இரண்டு மூன்று நாளில் கொப்புளம் வந்தால் அக்கி. இரண்டு உள்ளங்காலும் ஒரே மாதிரி எரிந்தால் சர்க்கரை. பீடி சிகரெட் பிடிப்பவருக்கு நடந்தால் கெண்டை பிடித்து, நின்றாலே போதும் விட்டுவிடுகிறது என்றால் ரத்தக் குழாய் அடைப்பு. தொடை இடுக்கில் வலித்து, சம்மணம் போட முடியாமல், கால் நகம் வெட்டக் காலை மடக்க முடியாமல் இருந்தால் இடுப்பு மூட்டு.

தேறும் வரிசையையும் தெரிந்துகொள்ளலாம். முதலில் வலி போகும், அப்புறம் பலம் வரும், கடைசியில்தான் மரமரப்பு. அறுந்த நரம்பு இழை வளர்வது ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். இடுப்பிலிருந்து சுண்டுவிரல் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வலி போய் ஆறு மாதம் ஆன பிறகும் சுண்டுவிரல் பக்கம் காகிதம் ஒட்டிய மாதிரி இருந்தால், பலம் சரியாக இருக்கும்வரை பதற வேண்டியதில்லை. எஸ் 1 அடிபட்டவர்களில் பலருக்குக் கணுக்காலின் பின்புறம் சுத்தியலால் தட்டும்போது பாதம் துள்ளும் அந்த அனிச்சை திரும்பி வருவதே இல்லை. நடக்க, ஓட, மாடி ஏற அதனால் ஒரு குறையும் கிடையாது. ஆனால் பத்து வருஷம் கழித்து வேறு எதற்கோ போகும் இடத்தில் ஒரு புது டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்துவார். "அது பழசு டாக்டர், இந்த வருஷத்துல இந்தக் காலுக்கு வந்தது" என்று சொல்ல, அந்தக் காலண்டர் தாள்களில் ஒன்றைப் பைலில் போட்டு வையுங்கள்.